மோஸ்தார் பழைய பாலத்தை டூப்ளிகேட் என்று சொல்லாதீர்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் கேமராவை எடுத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிறதே, ஒற்றை வளைவு, கீழே பச்சை ஆறு, அதுதான் போஸ்னியாவின் மோஸ்தார் நகரத்துப் பழைய பாலம். ஸ்தாரி மோஸ்த் என்பார்கள், அந்தப் பெயருக்கு அர்த்தமே பழைய பாலம்தான். ஆறு நெரெத்வா. இதைப் பார்க்க எத்தனை வருடமாகக் காத்திருந்தேன் என்று பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோபம் எதற்கு என்றால், காலையில் சரயேவோவிலிருந்து வந்த பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர், இரண்டு முறை இங்கே வந்தவராம், என்னிடம் சொன்னார்: "அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், அது டூப்ளிகேட் பாலம், 2004-இல் கட்டியது." அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாள் முழுக்க இந்தப் பாலத்தின் மேலும் கீழும் சுற்றிய பிறகு இப்போது வருகிறது, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் அந்தப் பேருந்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, ஏறப்போகிறேன், ஓட்டுநர் கையை நீட்டுகிறார். என்ன என்றால் பெட்டிக்குத் தனிக் காசு, 2 மார்க். இங்கே காசு கன்வெர்டிபிள் மார்க், ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 2 மார்க் வரும். தொகை பெரிதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில்லறையாகத்தான் வேண்டுமாம். என்னிடம் 50 மார்க் நோட்டு ஒன்றுதான் இருந்தது, அதை வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நான் எதிரே இருந்த கடைக்கு ஓடி, தேவையில்லாமல் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, நோட்டை மாற்றிக்கொண்டு திரும்புவதற்குள் பேருந்து இன்ஜினை முடுக்கிவிட்டது. டிக்கெட்டிலேயே சேர்த்து வாங்கினால் என்ன? சின்ன விஷயம்தான், ஆனால் காலை ஏழு மணிக்கு யாருக்கும் இது வரக்கூடாது. இங்கே வருகிறவர்கள் சட்டைப் பையில் நான்கு நாணயம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாலத்துக்கு வருவோம். ஒட்டோமான் சுல்தான் சுலைமான் காலத்தில் 1557-இல் வேலை தொடங்கி 1566-இல் முடித்தார்கள். கட்டியவர் மிமார் ஹைருத்தீன், புகழ்பெற்ற ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினானின் மாணவர் என்பார்கள். ஊரில் ஒரு கதை உண்டு. பாலம் நிற்காவிட்டால் தலை போகும் என்று சுல்தான் சொல்லிவிட்டாராம், அதனால் சாரத்தைப் பிரிக்கிற அன்றைக்கு ஹைருத்தீன் தனக்குக் குழி வெட்டி வைத்துக்கொண்டாராம். கதைதான், ஆனால் கீழே கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள், அந்த மனிதரின் வயிற்றில் என்ன கலங்கியிருக்கும் என்று புரிந்துவிடும். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. 28 மீட்டருக்கும் மேல் ஒரே தாவு, 4 மீட்டர்தான் அகலம், ஆற்றுக்கு மேல் 20 மீட்டருக்குக் குறையாத உயரம்.

அந்தப் பாலம் 427 வருடம் நின்றது. 1993 நவம்பர் 9 அன்று விழுந்தது, இல்லை, விழுத்தாட்டினார்கள். போஸ்னியப் போரில் போஸ்னியக் குரோவாத்தியர்களின் படை டாங்கியிலிருந்து குண்டுக்கு மேல் குண்டு. அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் அதைக் காப்பாற்ற என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய டயர்களைப் பக்கவாட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள், மேலே தகரக் கூரை போட்டார்கள். டயர்! டாங்கிக் குண்டுக்கு எதிராக டயர். அந்தப் போட்டோவை ஒரு கடையில் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கையில் இருந்ததை எல்லாம் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், வீட்டில் உடம்பு முடியாமல் கிடக்கிற ஒருவருக்குக் கிடைத்த போர்வையை எல்லாம் போர்த்துவது போல.

இப்போது அந்த டூப்ளிகேட் பேச்சுக்கு வருகிறேன். போர் முடிந்ததும் ஹங்கேரி ராணுவத்தின் முக்குளிப்பவர்கள் வந்து ஆற்றுக்குள்ளிருந்து பழைய கற்களைத் தூக்கினார்கள். ஆனால் உடைந்தும் சிதைந்தும் இருந்ததால் மறுபடி பாலத்தில் வைக்க முடியவில்லை. கான்கிரீட் ஊற்றி மேலே கல்லை ஒட்டியிருந்தால் வேலை சுலபம். அப்படிச் செய்யவில்லை. தெனெலியா என்று ஒரு சுண்ணாம்புக்கல், இந்த ஊர்ப் பக்கத்திலேயே கிடைப்பது, ஹைருத்தீன் எடுத்ததும் அதுதான். அதையே மறுபடி வெட்டி எடுத்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரும்புக் கவ்வி வைத்து, கவ்வி உட்காரும் குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ஈரம் படாமல் துருவிலிருந்தும் காக்கும். இதுவும் பழைய முறைதான். அடித்தளத்தைப் பலப்படுத்த நவீன முறைகள் உண்டு, அதை மறைக்கவில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. பழைய வளைவு அளவெடுத்த மாதிரிக் கச்சிதமானது இல்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிசமமாக இருக்காது, அங்கங்கே கோணல். போருக்கு முன்பே எடுத்துவைத்த அளவுகளும் படங்களும் இருந்ததால் அந்தக் கோணலோடு சேர்த்தே திரும்பக் கட்டினார்கள். நேராக்கியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டூப்ளிகேட் செய்கிறவன் தழும்பை எல்லாம் பார்த்துப் பார்த்துத் திரும்ப வைப்பானா?

அட, ஒன்றை விட்டுவிட்டேன், ஊர்ப் பெயர். பாலம் காத்தவர்களுக்கு மோஸ்தாரி என்று பெயர், அதிலிருந்துதான் மோஸ்தார். இந்தக் கல் பாலத்துக்கு முன்னால் சங்கிலியில் தொங்கும் மரப்பாலம் ஒன்று இருந்ததாம், ஆடுகிற ஆட்டத்தில் நடப்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வருமாம். ஆக, பாலம் போனால் ஊருக்குப் பெயரே இல்லை.

துருக்கி, இத்தாலி, நெதர்லாந்து என்று பல நாடுகள் பணம் கொடுத்தன, குரோவாத்தியாவும் கொடுத்தது. உலக வங்கியும் யுனெஸ்கோவும் கூட நின்றன. 2004 ஜூலை 23 அன்று திறப்பு. அடுத்த வருடமே பாலத்தையும் சுற்றியுள்ள பழைய பகுதியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கல்லின் வயதைப் பார்த்துச் சேர்க்கவில்லை, சண்டை போட்ட மக்கள் திரும்பச் சேர்வதன் அடையாளம் என்று சேர்த்தார்கள்.

பேருந்தில் இருந்தவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: யாழ்ப்பாணம் பொது நூலகத்தை 1981-இல் எரித்தார்கள், 97,000 நூல்கள் போயின, பிறகு கட்டடத்தை எழுப்பினார்கள். அதை டூப்ளிகேட் நூலகம் என்று நம்மில் யாராவது சொல்வோமா? எரிந்த ஏடுகள் திரும்பி வரவில்லை, அந்த வலி வேறு. இங்கேயும் ஹைருத்தீன் கை பட்ட கல் வளைவில் இல்லை. அதற்காக மீண்டு நிற்பதைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

இன்னொரு சாட்சி இருக்கிறது. இங்கிருந்து நடக்கிற தூரத்தில் குட்டியாக ஒரு கல் பாலம், கோணல் பாலம் என்று பெயர், 1558-இல் கட்டியது, பெரியதற்கு அண்ணன். 1999 கடைசியில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, 2001-இல் திரும்பக் கட்டினார்கள். அதை யாரும் டூப்ளிகேட் என்று சொல்லிக் கேட்டதில்லை.

நடக்கிற விஷயத்தில் எச்சரிக்கை. பாலத்தின் மேல்தளம் செங்குத்தாக ஏறி இறங்கும், குறுக்கே கல் விளிம்புகள் படிபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். இருபது வருடமாக இத்தனை கால்கள் தேய்த்ததில், ரொம்ப நாள் கொத்தாமல் விட்ட அம்மி மாதிரி வழவழ என்று ஆகிவிட்டது. வழுக்குகிற என் வெள்ளை ஷூவை இன்றைக்குப் போடவில்லை, நல்ல முடிவு. என் கண் முன்னால் மூன்று பேர் வழுக்கினார்கள்.

அப்புறம் குதிப்பவர்கள். மேலிருந்து ஆற்றில் குதிப்பது இங்கே பல நூறு வருடப் பழக்கம், 1968 முதல் வருடா வருடம் போட்டியே நடக்கிறது. தொப்பியைக் காட்டிக் காசு சேர்ப்பார்கள், போதுமான அளவு சேர்ந்தால்தான் குதிப்பார்கள். நான் 5 மார்க் போட்டேன், 40 நிமிடம் வெயிலில் நின்றேன். ஒருவர் கைப்பிடிக்கு வெளியே ஏறி நின்றார், வாளித் தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டார், ஆறு அவ்வளவு குளிராம். அத்தனை கூட்டமும் மூச்சு விடவில்லை. கால் இரண்டும் கல்லை விட்டதும் ஒரு நிமிடம் போல இருந்தது, பார்த்தால் மூன்று நொடிகூட ஆகவில்லை. ஸ்லோ மோஷனில் எடுத்திருக்கிறேன், இப்போது ஓடும் பாருங்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த காட்சி அது இல்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு ஒரு வயதான அம்மா அந்தப் பக்கத்திலிருந்து வந்தார், இரண்டு கையிலும் காய்கறிப் பை. நாங்கள் எல்லாரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி இறங்குகிறோம், அவர் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை, கால் தானாக ஒவ்வொரு விளிம்பையும் தேடி மிதித்துக்கொண்டே போனது. நடுவில் ஒரு தடவை நின்று பையைக் கை மாற்றினார். போய்விட்டார்.

சரி, பேட்டரி 4 சதவீதம். நாளைக்குக் காலை ஆறு மணிக்கு ஆள் வருவதற்கு முன்னால் மறுபடி வந்து எடுக்கிறேன்.