உருகும் இடத்தில் கண் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். சொந்தமாக ஒரு சிறிய விமானம் கட்ட வேண்டும் என்று இறங்கியபோது, நான் முதலில் கற்க வேண்டியிருந்தது கேஸ் வெல்டிங், அதாவது வாயுச் சுடரால் உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும் வேலை. இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வானத்துக்கு இது புதிய வேலை அல்ல. முதல் உலகப் போர்க் காலத்து ஃபோக்கர் நிறுவன விமானங்களின் உடற்கூடு, எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து எடுத்ததுதான். அவற்றின் வடிவமைப்பில் பெரும் பங்கு கொண்ட ரைன்ஹோல்டு பிளாட்ஸ், அந்த நிறுவனத்தில் வெல்டராகச் சேர்ந்தவர். எனக்கு அது பெரிய ஊக்கம்.

நாங்கள் எடுப்பது 4130 என்ற குரோம் மாலிப்டினம் எஃகு. குழாய்ச் சுவரின் கனம் பல இடங்களில் 0.9 மில்லிமீட்டர்தான். ஆக்சிஜன் அசிட்டிலீன் சுடரின் வெப்பமோ 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஃகு அதில் பாதிக்கே உருகிவிடும். கை ஒரு நொடி தங்கினால் ஓட்டை விழும்.

ஆரம்பத்தில் நான் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தவறு. சுடரை ஒருமுறை சரிசெய்தால் போதும்: உள்கூம்பு உருண்டு தெளிவாக, இறகு போன்ற மங்கல் இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு கண் இருக்க வேண்டிய இடம் உருகி மினுங்கும் அந்தச் சிறு குட்டை. இரண்டு குழாயும் சேர்ந்து உருகி ஒரே குட்டையான பிறகே ராடை, அதாவது மூட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பியை, அதில் வைக்க வேண்டும். ஒரு பக்கம் உருகாமல் ராடு மட்டும் வழிந்தால், மேலே அழகாகத் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. கனமான குழாய் மெல்லிய குழாயோடு சேரும் இடத்தில், சுடரைக் கனமான பக்கமே சாய்த்துப் பிடிக்க வேண்டும். குழாயின் வாய் மற்றதன் வளைவில் இடைவெளியின்றிப் பொருந்தும்படி அரத்தால் ராவியிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

முடித்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது, காற்றும் வீசக் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் இந்த எஃகு கெட்டித்து விரிசல் விடும். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, அது தானாக ஆறும்வரை காத்திருப்போம்.

பழகிய மூட்டுகளை நான் சேர்த்து வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் வைஸ் என்ற மேசை இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் மடக்கினேன், ரம்பத்தால் அறுத்து உட்புறம் பார்த்தேன். பல வாரங்கள் பற்றவைத்த இடமே பிரிந்தது. ஒருநாள் குழாய் கிழிந்தது, பற்றவைத்த இடம் அப்படியே நின்றது. அதன் பிறகுதான் விமானத்துக்கான குழாயை எடுத்தேன்.