கொலைவெறித் தாக்குதலா, தொப்பி விழுந்த கதையா?

வணக்கம் மக்களே. வழக்கமான மொட்டை மாடி, வழக்கமான காக்கா. டீக்கடை வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன், இன்றைக்கு வராது. கடுப்பில் இருக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் வாகனச் சோதனை. குடித்திருந்த ஒரு ஆள் போலீஸ்காரரைப் பிடித்துத் தள்ளினான். அவர் தொப்பி கீழே விழுந்தது. தப்புதான், கேஸ் போட வேண்டியதுதான், போட்டார்கள். ராத்திரி ஒரு சேனலில் ஓடுகிறது: 'போலீஸ் மீது கொலைவெறித் தாக்குதல்'. கூடவே டமால் டமால் என்று இசை வேறு! சட்டம் இதை எவ்வளவு நிதானமாகச் சொல்கிறது தெரியுமா? அரசு ஊழியரைத் தாக்கியோ பலவந்தம் செய்தோ பணி செய்யவிடாமல் தடுத்தல். பழைய ஐபிசியில், அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தில், பிரிவு 353; அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்ஸில் (பாரதிய நியாய சன்ஹிதா) இப்போது 132. அதிகபட்சம் 2 ஆண்டு. கொலை முயற்சிக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஸ்டேஷனில் அதைப் போடவில்லை, சேனல் போட்டுவிட்டது.

போலீஸ் அடிபட்டால் செய்தியில் என்ன சொல் போடுகிறார்கள் என்று பார்க்க, அந்தக் கோபத்தில்தான் தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு நடந்த 2018 பேப்பர் தேடிப் போனேன். பழைய பேப்பர் கடை அண்ணாச்சி மே மாதக் கட்டுக்கு 400 ரூபாய் கேட்கிறார். நாம் எடைக்குப் போட்டால் கிலோவுக்கு 15 ரூபாய் தர யோசிக்கிற மனுஷன்! 'தம்பி, இது பேப்பர் இல்லை, வரலாறு' என்கிறார். வரலாற்றைக் கரையான் அரித்திருக்கிறதே என்று ஓரத்தைக் காட்டினேன். 350 ஆனது. 300. வண்டியை ஸ்டார்ட் செய்தேன், 250. பத்தடி தள்ளிப் போனதும் பின்னாலிருந்து விசில். 180-க்கு முடித்தேன், கயிறும் அவருடையது. இதற்கே தனி வீடியோ போட்டிருக்கலாம்.

சரி, விஷயம். 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி. போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அந்த வாரச் செய்திகளின் நடையைக் கவனியுங்கள். கல்லுக்கு ஆள் உண்டு: கும்பல் வீசியது. குண்டுக்கு ஆள் கிடையாது: துப்பாக்கிச்சூட்டில் பலி. யார் சுட்டது? வாக்கியத்தில் இல்லை.

மே 30 அன்று ரஜினிகாந்த் அங்கே போய்விட்டு வந்து, சமூக விரோதிகள் ஊடுருவிப் போலீஸைத் தாக்கியதால்தான் பிரச்சினை என்றார். நான் ரஜினி ரசிகன், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டேன்.

இருங்கள், ஏப்ரலை விட்டுவிட்டேன். காவிரிக்காக சேப்பாக்கம் ஐபிஎல் ஆட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்ததே, ஏப்ரல் 10. ஒரு காவலர் அடிபட்ட வீடியோ சுற்றியது. சீருடையில் இருப்பவரைத் தாக்குவதுதான் வன்முறையின் உச்சகட்டம் என்று ரஜினி அப்போதே ட்வீட் போட்டிருந்தார். அடித்தது அயோக்கியத்தனம்தான். ஆனால் உச்சகட்டத்தை ஏப்ரலிலேயே செலவழித்துவிட்டால் மே மாதத்துக்கு எந்தச் சொல் மிச்சம்?

இந்த 'சமூக விரோதிகள்' அதற்கும் பழசு. 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைக் கலைத்து, ஐஸ் ஹவுஸ் ஸ்டேஷன் எரிந்த அன்றும் இதே சொல்தான்.

தூத்துக்குடியில் போலீஸாருக்கும் காயம், வண்டிகள் எரிந்தன. மறைக்க வேண்டியதில்லை. 'கல்வீச்சில் காவலர்கள் காயம்' என்று எழுதினால் போதும். துப்பாக்கிச்சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் ரஜினிக்கும் சம்மன் அனுப்பியது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. தூண்டுதல் இல்லாமலே சுட்டார்கள், 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுங்கள் என்றது. அதற்குள் 'சமூக விரோதிகள்' என்ற சொல் நாலு வருஷம் ஊரைச் சுற்றிவிட்டது.

இன்னொன்று. 2021 நவம்பரில் திருச்சி பக்கம் நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனை வெட்டிக் கொன்றார்கள். ஆடு திருடியவர்களை பைக்கில் துரத்திப் போன மனிதர். பிடிபட்ட மூவரில் ஒருவனுக்கு வயது 19, மற்ற இருவர் சிறுவர்கள். அந்தச் செய்தி முழுக்க 'ஆடு திருடர்கள்' என்றுதான் வந்தது. ஊடுருவல் இல்லை, சதி இல்லை. செத்தே போன காவலருக்குச் சாதாரணச் சொல் போதுமானதாக இருந்தது. கல்வீச்சுக்கு மட்டும் ஏன் போதவில்லை? அங்கே அடுத்து 13 உயிர் போனதற்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கமென்ட்டில் 'நீ போலீஸுக்கு எதிரியா' என்று வருவீர்கள். வாருங்கள், பூமிநாதன் பகுதியை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு. அடுத்த வாரம் என்கவுன்டர் செய்திகளில் தவறாமல் வருகிற 'தற்காப்புக்காக' பற்றிப் பேசலாம். அந்தப் பேப்பர் கட்டுக்கு அண்ணாச்சி இன்னும் விலை சொல்லவில்லை.