அம்மாவின் மடியிலிருந்த பை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். விமானப் பயணத்தில் மலிவையும் வசதியையும் விடப் பாதுகாப்பு விதிகளே முதன்மையானவை என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "மடியிலிருக்கும் பையைப் பறித்து மேலே வைக்கிறார்கள், அந்தப் பைக்கே தனிக் கட்டணமும் கேட்கிறார்கள், இது பாதுகாப்பா, பகற்கொள்ளையா?" என்று கேட்டார். வெள்ளவத்தை அவை கைதட்டியது. ஆனால் அந்தக் கட்டணம் அவர் கொண்டாடும் மலிவுப் பயணத்தின் கணக்கு. சாப்பாட்டையும் பொதியையும் பிரித்து விற்பதால்தான் பயணச்சீட்டு மலிவாகிறது. பையை மேலே வைக்கச் சொல்வது மட்டுமே எங்கள் விதி. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்தப் பை எனக்குத் தெரிந்த பை. சென்னையில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்த என் தங்கைக்காக, அம்மா மல்லியும் மிளகும் மஞ்சளும் வறுத்து இடித்த சரக்குத்தூளைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, துணிப்பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டார். எங்களுக்கு முதல் வரிசை. பையை அடியில் வைக்க முன்னால் இருக்கை கிடையாது. பணிப்பெண் கேட்டதும், "பிள்ளை, இது போத்தல், மேலை வைச்சா உடைஞ்சிடும்" என்றார் அம்மா. அவர் மறுபடி கேட்டார். அம்மா பையை இன்னும் இறுக்கினார். அப்போது அந்தப் பெண் குனிந்து, "அவசரமா இறங்க வேண்டி வந்தா, யன்னலோரத்து ஐயா உங்களையும் பையையும் தாண்டித்தான் போக வேணும், அம்மா" என்றார். அம்மா திரும்பி அந்த முதியவரைப் பார்த்தார். பிறகு தன் சால்வையைப் போத்தலில் இரண்டு சுற்றுச் சுற்றி, பையைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

2024 ஜனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில், தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்தது, எட்டு வாசல்களில் மூன்றே பயன்பட்டன. ஆயினும் 379 பேரும் உயிருடன் இறங்கினர், பெரும்பாலும் வெறுங்கையுடன். அங்கே ஒவ்வொருவரும் தன் பைக்காக ஒரு நொடி நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நண்பர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் இலங்கை மண்ணுக்கும் விமானத் துயரம் தெரியும். 1974 டிசம்பர் 4 அன்று சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் கட்டுநாயக்க விமான நிலையத்தை நோக்கி இறங்கிய விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். மக்காவுக்குப் புறப்பட்ட அவர்களுக்கும், வாசலில் நின்று வழியனுப்பிய பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

நேற்றிரவு கட்டுநாயக்கவில் வருகைக் கூடத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கூட்டத்துக்குள்ளிருந்து அம்மா வந்தார், கையில் அதே துணிப்பை. உள்ளே கழுவிக் காயவைத்த வெறும் போத்தலும் பேத்தியின் படமும் இருந்தன. நடுவர் அவர்களே, அவர் இப்போது இந்த அவையின் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.