சின்ன அறையில் பின்பக்கத்து ஒலி

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒரு சின்ன அறையை ஹோம் தியேட்டராக மாற்ற நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது, “சரவுண்டுக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?” என்பதைத்தான். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: சோபாவின் ஓரத்தில் உட்காருபவரின் காதிலிருந்து பக்கத்துச் சுவர் எவ்வளவு தூரம்? இதை அளந்து வைத்திருப்பவர்கள் குறைவு. எந்தக் கம்பெனி, எத்தனை வாட் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். ஸ்பீக்கர் எங்கே உட்காரப்போகிறது என்பது மட்டும் முடிவாகியிருக்காது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். 5.1 என்று போட்டிருக்கிறார்களே, அதில் ஐந்து என்பது முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், அப்புறம் நமக்குப் பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட். புள்ளிக்குப் பிறகு வரும் ஒன்று, ஆழமான பேஸை, அதாவது அடி ஒலியை, மட்டும் தரும் சப்வூஃபருக்கானது. திரையை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் மூக்கு நுனி 0 டிகிரி. அங்கிருந்து இரு பக்கமும் 100 முதல் 120 டிகிரிக்குள் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் இருக்கட்டும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதாவது காதைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் இது நடக்காது. முடிந்தால் சோபாவை ஓர் அரை மீட்டர் முன்னால் இழுத்துப் போடுங்கள். முடியாதா, பக்கச் சுவரில் காதுக்கு நேராக மாட்டினாலும் பெரிய குறை இல்லை. பின்சுவரில், தலைக்கு நேர் பின்னால் இரண்டையும் மாட்டுவதுதான் வேண்டாம்.

சரி, இப்போது அந்தக் காது விஷயத்துக்கு வருகிறேன். 3 மீட்டர் அகலமுள்ள ஓர் அறை. சோபாவின் இடது ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கச் சுவரில் உள்ள இடது சரவுண்ட் ஸ்பீக்கர் 60 சென்டிமீட்டர் தூரத்தில், வலது சரவுண்ட் 2.4 மீட்டர் தூரத்தில். நான்கு மடங்கு வித்தியாசம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். நான்கு மடங்கு என்றால் 12 டெசிபெல். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு இருக்காது, ஆனால் பக்கத்து ஸ்பீக்கர்தான் ஜெயிக்கும். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுக்கும் என்பதால், அது முந்தியும் வந்துவிடும். முந்தி வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அங்கேதான் நம் மூளை முழு ஒலியையும் வைக்கும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து சொன்ன விஷயம் இது. ஆக, இடது ஓரத்தில் இருப்பவருக்கு மழைக் காட்சியில் அறை முழுக்க மழை பெய்யாது. காதுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் பெய்யும்.

பெரிய அறைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சின்ன அறையில் சரவுண்ட் ஸ்பீக்கரின் முதல் சிக்கல் அதன் நெருக்கம்தான். சத்தம் போதவில்லை என்று அங்கே யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. நான் சொல்லும் தேர்வு எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளம்புகிறது.

செலவில்லாத மருந்து, உயரம். அதே ஸ்பீக்கரைக் காது மட்டத்திலிருந்து 90 சென்டிமீட்டர் மேலே ஏற்றினால் இடது தூரம் சுமார் 1.1 மீட்டர், வலது சுமார் 2.6 மீட்டர் ஆகிவிடும். நான்கு மடங்கு இருந்தது இரண்டரை மடங்குக்கும் கீழே வருகிறது. 12 டெசிபெல் ஏழரை ஆகிறது. கூடவே, ஸ்பீக்கரின் முகத்தைப் பக்கத்தில் இருப்பவரை நோக்கித் திருப்பாமல், எதிர் ஓரத்தில் இருப்பவரை நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். உச்ச ஸ்தாயி ஒலிகள் நேர் கோட்டில்தான் பலமாகப் போகும் என்பதால் பக்கத்தில் இருப்பவருக்குக் கூர்மை குறையும், தள்ளி இருப்பவருக்குக் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு: கூரையில் ஸ்பீக்கர் மாட்டி, மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் வைக்கப் போகிறீர்கள் என்றால் சரவுண்டை இவ்வளவு ஏற்றக்கூடாது. மேலே உள்ளதும் பக்கத்தில் உள்ளதும் காதுக்கு ஒன்றாகிப்போகும். என்னைக் கேட்டால், ஓரத்துக் காது சுவரோடு உரசும் அறைக்கு ஒழுங்கான 5.1 போதும்.

இப்படி உயரத்தில், சுவரில், சாய்த்து மாட்டவேண்டும் என்று முடிவானதும் பெட்டி தானாகவே சின்னதாகிவிடுகிறது. எவ்வளவு சின்னதாகலாம் என்பதுதான் அடுத்த கேள்வி. சரவுண்டுக்கு எதை வைத்தாலும் போதும் என்று ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. அதற்கு அந்தக் காலத்தில் நியாயமும் இருந்தது. 1987இல் வந்த டால்பி புரோ லாஜிக் என்ற வீட்டு ஒலிமுறையில் சரவுண்டுக்கு ஒரே ஒரு சேனல்தான். அதுவும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள உச்ச ஸ்தாயி வெட்டப்பட்டிருக்கும். கையளவு ஸ்பீக்கர் அதற்கு ஏராளம். 1992இல் தியேட்டர்களுக்கு வந்த டால்பி டிஜிட்டலில் இரண்டு சரவுண்டும் தனித்தனி, முன்பக்க ஸ்பீக்கருக்கு என்னவெல்லாம் கொடுக்கலாமோ அதெல்லாம் இவற்றுக்கும் கொடுக்கலாம். ஹெலிகாப்டர் பின்னாலிருந்து தலைக்கு மேல் வந்து திரைக்குள் போகும்போது பாதி வழியில் குரல் மாறினால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால்தான் முடிந்தவரை முன்பக்க ஸ்பீக்கரின் அதே வரிசையில், அதே ட்வீட்டர், அதாவது உச்ச ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கர், உள்ள சின்ன மாடலை வாங்கச் சொல்வது. அந்த வரிசையில் சின்னது இல்லையென்றால், ஒரு மனிதக் குரலை முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். ஆள் மாறியதுபோல் இருந்தால் வேண்டாம்.

சின்னப் பெட்டிக்கு இயற்கை விதித்த ஒரு தண்டனை உண்டு. பெட்டி சின்னதாக இருக்கவேண்டும், ஆழமான பேஸ் வேண்டும், கொஞ்சம் மின்சக்தியிலேயே நிறைய சத்தம் வேண்டும் – இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் என்ற பொறியாளரின் பெயரால் இதை ஹாஃப்மன் விதி என்பார்கள். பி.பி.சி. பொறியாளர்கள் 1970களில் எல்.எஸ். 3/5ஏ என்று ஒரு ஸ்பீக்கர் செய்தார்கள். வெளியிடங்களுக்குப் போகும் ஒலிபரப்பு வேனுக்குள் இடமே இல்லை, ஆனால் அறிவிப்பாளரின் குரல் அசலாகக் கேட்டாக வேண்டும். கீழ் ஸ்தாயிக்கு 5 அங்குல வூஃபர், 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டி. ஆழமான பேஸை விட்டுக்கொடுத்தார்கள், சத்தத்தையும் விட்டுக்கொடுத்தார்கள், குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வானொலியில் பேசுகிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

நமக்கு நிலைமை அவர்களைவிட நல்லது, ஏனென்றால் சப்வூஃபர் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. ஆகவே அதற்குக் கீழுள்ளதை, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர் சப்வூஃபருக்குத் திருப்பிவிடலாம். இந்த எல்லைக்குத்தான் கிராஸ்ஓவர் என்று பெயர். எனவே சரவுண்ட் ஸ்பீக்கர் 80, போனால் 100 ஹெர்ட்ஸ் வரை தெம்போடு இறங்கினால் போதும். நல்ல 4 அங்குல வூஃபர் இதைச் செய்துவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் 3 அங்குலப் பெட்டிகளில்தான் சிக்கல். அவை திணறாமல் இருக்க கிராஸ்ஓவரை 150க்கு ஏற்றவேண்டி வரும். ஆண் குரலின் அடிப்பகுதி சுமார் 85இலிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. பின்னால் ஒருவன் மிரட்டுகிறான். அவன் குரலின் பாதி, முன்னால் மூலையில் இருக்கும் சப்வூஃபரிலிருந்து வருகிறது என்றால் மிரட்டல் என்ன ஆகும்?

விவரத்தாளில் “60 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை” என்று இருந்தால் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 3 டெசிபெல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லையென்றால் அந்த எண்ணால் பயன் இல்லை; 60 ஹெர்ட்ஸில் முனகல்கூட வந்துகொண்டிருக்கலாம். வாட் எண்ணையும் நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாதாரண ரிசீவர் தரும் சக்தியே மிச்சம். மின்தடையைக் காட்டும் ஓம் எண் மட்டும் உங்கள் ரிசீவர் ஏற்கும் அளவுக்குக் கீழே போகாமல் இருக்கட்டும்.

பெட்டியின் பின்புறம் ஓட்டை, அதாவது போர்ட், இருந்தால் சுவரோடு ஒட்டி மாட்ட அது தோதுப்படாது. நாலு பக்கமும் மூடிய பெட்டி நல்லது. சுவரே அதன் கீழ் ஒலிக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுக்கும். ட்வீட்டரும் வூஃபரும் மேலும் கீழுமாக உள்ள பெட்டியை இடமில்லை என்று படுக்கப் போடாதீர்கள்; இரண்டின் ஒலியும் பக்கவாட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், இருக்கைக்கு இருக்கை குரல் மாறும். வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் வைத்த மாடலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எப்படிச் சாய்த்தாலும் ஒரே மாதிரி பரவும் என்பதால் நெருக்கமான அறைக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

டைபோல், பைபோல் என்ற இரண்டு வகைகளும் கண்ணில் படும். இரண்டிலும் ஒரே பெட்டியில் முன்னோக்கி ஒன்று, பின்னோக்கி ஒன்று என ஸ்பீக்கர்கள் இருக்கும். டைபோலில் இரண்டும் எதிரெதிராக அசையும்: ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். நடுவில் இருப்பவருக்கு நேர் ஒலி வராது, சுவரில் பட்டுத் திரும்புவதுதான் வரும். அது வேலை செய்யச் சுற்றிலும் இடம் வேண்டும், சின்ன அறையில் அது இல்லை. பைபோலில் இரண்டும் ஒன்றாக அசைவதால் ஒலி அகலமாக விரியும். ஓரத்துக் காதுக்கு ஸ்பீக்கர் மிக நெருக்கம் என்றால் இதை யோசிக்கலாம்.

வயர்லெஸ் என்று சொல்லி விற்பவற்றுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். ஸ்பீக்கர் ஒயர் போய், கரண்ட் ஒயர் வரும், அவ்வளவுதான்.

மாட்டியதும் ரிசீவரின் சோதனை ஒலியைப் போட்டு, நடு இருக்கையில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரே அளவில் கேட்கும்படி வையுங்கள். பலர் அங்கேயே நிறுத்தாமல், காசு கொடுத்தது கேட்கட்டும் என்று சரவுண்டை மட்டும் நாலு டெசிபெல் கூட்டிவிடுவார்கள். ஓரத்தில் இருப்பவர் பாவம். அவர் இடத்தில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வேண்டுமானால் ஒன்றிரண்டு குறையுங்கள். ஒயரில் கோடு போட்ட இழை இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பு முனைக்கே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் பின்பக்கத்து ஒலி மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் குழம்பும்.

கடைக்குப் போனதும் பெட்டியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். மாட்டுவதற்குச் சாவித்துவாரம் போன்ற வெட்டோ, பிராக்கெட்டைத் திருகும் மரையோ இருக்கவேண்டும். வெட்டு மட்டும் இருந்தால் சுவரில் தட்டையாகத்தான் தொங்கும். சாய்க்க வேண்டுமானால் மரை வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது அலமாரிக்கான ஸ்பீக்கர், சுவருக்கு வேறு பாருங்கள்.

வணக்கம்.