சிவகாசியை எழுப்பியது கட்டை அடுக்கிய விரல்கள்தான்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிகளுக்கும், இந்நேரத்துக்கும் வீட்டுக்குப் போகாமல் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும், அம்மாக்களுக்கும் வணக்கம்.

சிவகாசியை எழுப்பியது முதல் போட்டவர்களின் துணிச்சலா, தொழிலாளிகளின் உழைப்பா? இதுதான் இன்றைய கேள்வி. உழைப்பு என்று பேச வந்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கி என் பெயர் இந்தப் பக்கம் விழவில்லை, இந்தப் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஏனென்றால் எங்கள் அத்தை முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் 'ஆபீஸ்' என்றால் மேஜை நாற்காலி போட்ட இடம் இல்லை. தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்கிற இடம் பயர் ஆபீஸ், அச்சடிக்கிற இடம் அச்சாபீஸ். 'அம்மா எங்கேடா?' என்று கேட்டால் 'ஆபீஸுக்குப் போயிருக்கு' என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். இந்த மூன்று ஆபீஸும் சேர்ந்ததுதான் சிவகாசி.

சரி, எதிரணிக்கு வருகிறேன். முதலில் பேசிய அண்ணாச்சி 1922-இலிருந்து ஆரம்பித்தார். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததை அழகாகச் சொன்னார். நான் அதை மறுக்கவே மாட்டேன். மழையை நம்பிப் பிழைப்பில்லாத ஒரு கரிசல் பூமியிலிருந்து கிளம்பி, பாஷை தெரியாத ஊரில் போய் உட்கார்ந்து தொழில் பழகுவதற்குப் பெரிய மனசு வேண்டும். அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் அண்ணாச்சி கதையை அந்த ரயில் திரும்பி வந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார், எங்கள் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. திரும்பி வந்தவர்கள் ஜெர்மனியிலிருந்து எந்திரம் வரவழைத்துத்தான் தொழிலைத் தொடங்கினார்கள். அது கட்டுப்படியாகவில்லை என்று கண்டு, கைவேலைக்கே மாறினார்கள். ஜெர்மன் எந்திரம் செய்து தர முடியாத ஒன்றை இந்த ஊர்க் கைகள் செய்து கொடுத்திருக்கின்றன. முதல் போட்ட புத்தி பெரிய புத்திதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த முதல் காப்பாற்றப்பட்டது யார் கையால் என்பதைத்தான் நடுவர் அவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். அதே 1920-களில் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி இந்தியாவுக்குள் வந்து தீப்பெட்டித் தொழிற்சாலை போட்டது. சென்னையில் இன்றைக்கும் மெட்ரோ ரயில் நிலையத்துக்கு விம்கோ நகர் என்று பெயர் இருக்கிறதே, அந்த விம்கோதான். அவர்களிடம் இல்லாத முதலா? அவர்களிடம் இல்லாத எந்திரமா? துணிச்சலும் பணமும்தான் ஒரு ஊரைத் தீப்பெட்டி ஊர் ஆக்கும் என்றால், சிவகாசிக்குக் கிடைத்த 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் அந்த விம்கோ ஆலை இருந்த திருவொற்றியூருக்கு அல்லவா கிடைத்திருக்க வேண்டும்? 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் எந்திரத்தில் செய்கிற பெரிய கம்பெனிக்கு ஒரு வரி, கையால் செய்கிற சிறிய ஆபீஸ்களுக்குக் குறைந்த வரி என்று அரசாங்கம் பிரித்துவைத்தது. விம்கோவோடு போட்டி போட்டு சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் நிமிர்ந்து நின்றதற்கு அந்தச் சலுகை எவ்வளவு பெரிய காரணம் என்று எதிரணிக்குத் தெரியும். 'கையால் செய்தது' என்பதற்காகக் கிடைத்த சலுகை அது, அதைச் சம்பாதித்துக் கொடுத்தது அந்தக் கைகள்தானே?

கட்டை அடுக்குவது என்றால் என்னவென்று சொல்கிறேன், ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். மெல்லிசான மரச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம், பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒரு சட்டம் நிறைந்ததும் அதன்மேல் அடுத்த சட்டம், அப்படியே அடுக்கி மேலே வரைக்கும் போய் இறுக்கிவிட்டால் அதற்குப் பெயர் ஒரு கட்டை. அப்புறம் குச்சி முனைகளைத் தட்டிச் சமன் செய்து மெழுகில் தோய்ப்பார்கள், அதற்கப்புறம் மருந்தில் தோய்ப்பார்கள். ஒரு குச்சி கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதன் தலையில் மருந்து கட்டியாக ஏறும், கொஞ்சம் உள்ளே போயிருந்தால் தலையில் மருந்தே ஒட்டாது. ஆக, நீங்கள் அடுப்பங்கரையில் உரசின தீக்குச்சி சரியாகப் பற்றிக்கொண்டது என்றால், எங்கேயோ ஒரு பொம்பளைப் பிள்ளை அதைச் சரியான ஆழத்தில் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் அத்தை குச்சியைப் பார்க்கவே மாட்டார். இடது கையில் ஒரு பிடி குச்சி இருக்கும், வலது கை விரல்கள் பூக்கட்டுகிற மாதிரி ஓடும், வாய் பாட்டுக்குப் பக்கத்து மதினியோடு பேசிக்கொண்டிருக்கும். 'பாத்து வை அத்தை'ன்னு சின்ன வயதில் ஒருநாள் சொல்லிவிட்டேன். 'கண்ணு பாத்தா கை வேகம் கொறையும்யா'ன்னு சொன்னார்.

வேகம் குறைந்தால் என்ன ஆகும்? கட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. உடம்புக்கு முடியாமல் ஒரு நாள் பத்துக் கட்டை குறைந்தால் பத்துக் கட்டைக் காசு இல்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அண்ணாச்சி, 'வானம் பொய்த்த ஊரில் சோறு போட்டது முதலாளிகள்தானே' என்று கேட்டார், கைதட்டலும் வாங்கினார். அண்ணாச்சி, வெறுங்கையோடு வந்தவர்களுக்கு யாரும் சோறு போடவில்லை. அடுக்கின கட்டைக்கு, பின்னின சரத்துக்கு, ஒட்டின பெட்டிக்கு எண்ணித்தான் கொடுத்தார்கள். எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் மைதாப் பசை கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு, ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில் பெட்டி ஒட்டுவார்கள். அந்தப் பசை வாசம் இல்லாத தெருவே எங்கள் பக்கம் கிடையாது. ஆபீஸுக்குக் கட்டடம் முதலாளி கட்டினார் என்றால், ஆயிரக்கணக்கான வீட்டுத் திண்ணைகளையும் சேர்த்துத்தான் இந்தத் தொழிலுக்குக் கட்டடம் என்று கணக்குப் போட வேண்டும். அந்தத் திண்ணைக்கு யாரும் வாடகை தரவில்லை.

மகமையைப் பற்றியும் பேசினார்கள். வியாபாரத்தில் இத்தனை பங்கு என்று ஒதுக்கி, அந்தப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி எல்லாம் கட்டின வழக்கம். நான் படித்ததே அப்படிக் கட்டின ஒரு பள்ளிக்கூடத்தில்தான், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பங்கு ஒதுக்குவதற்குச் சரக்கு வேண்டுமே. அறுநூறு தீப்பெட்டி கொண்ட பண்டல் ஒன்று லாரி ஏறினால்தானே அதிலிருந்து மகமைக்குக் காசு? அந்த அறுநூறு பெட்டிக்குள் கிடக்கிற குச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டவர் யாரோ, அவருக்கும் அந்தப் பள்ளிக்கூடச் சுவரில் பங்கு உண்டு. கல்வெட்டில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விடிவதற்கு முன்னால் ஆபீஸ் பஸ் கிராமங்களுக்கு வரும். பிள்ளைகளைத் தூக்கத்திலேயே எழுப்பி முகம் கழுவிவிட்டுத் தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். எங்கள் அத்தை அப்படிப் பத்து வயதில் பஸ் ஏறியவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. எந்த ஆபீஸ் என்று பெயர் சொல்லப்போவதில்லை, அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வது பற்றிய வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் அந்தக் குழந்தைகளின் நலனுக்கான நிதிக்குப் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இந்த ஊரின் வளர்ச்சிக்கு யார் யார் என்னென்ன போட்டார்கள் என்று எதிரணி பட்டியல் போட்டபோது இது விடுபட்டுப் போயிற்று. எங்கள் அத்தை போட்டது நாலாம் வகுப்பு, அஞ்சாம் வகுப்பு, அதற்கு மேலே இருந்த எல்லா வகுப்பும்.

அடுத்தது பட்டாசு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும், 1940-ஐ ஒட்டி லைசென்ஸ் முறை வந்ததும், சிவகாசி அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டதும் எல்லோரும் சொன்ன கதை. இன்றைக்கு நாட்டில் வெடிக்கிற பட்டாசில் பெரும்பங்கு இங்கேயிருந்துதான் போகிறது. முதலாளி ரிஸ்க் எடுத்தார் என்றார்கள், உண்மைதான், சரக்கு தேங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். ஆனால் ரிஸ்க் என்ற வார்த்தையைப் பயர் ஆபீஸ் பக்கத்தில் நின்று சொல்லிப் பாருங்கள். அங்கே அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டி, ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று ஏன் விதி வைத்திருக்கிறார்கள்? ஒன்று வெடித்தால் நாலு பேரோடு போகட்டும் என்பதற்காகத்தான். அந்த நாலு பேரில் ஒருவராகக் காலையில் போய் உட்காருகிறவர் எடுக்கிற ரிஸ்க்குக்கு எந்த பாங்கில் கணக்கு வைப்பது? 2012 செப்டம்பரில் சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் ஒரு பயர் ஆபீஸில் நடந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் போய்விட்டார்கள். காப்பாற்ற ஓடினவர்களும் அதில் உண்டு. பேப்பரில் எப்போதும் ஒரே வரிதான் வரும், 'மருந்து உராய்வால் விபத்து' என்று. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் அதே வேலைக்கு பஸ் ஏறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். துணிச்சல் என்று எதிரணி சொன்னது எதுவோ, அது எங்கள் பக்கமும் இருக்கிறது நடுவர் அவர்களே.

அச்சாபீஸைப் பற்றி அதிகம் பேச நேரமில்லை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்றுதான் அச்சே இந்த ஊருக்குள் வந்தது, அப்புறம் காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று அது தனி உலகமாகிவிட்டது. ஆடிப்பெருக்கு அன்றைக்குப் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும்போது சிவகாசியைப் பார்க்க வேண்டும், ஊரே அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டது போல இருக்கும். நேரு இந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்று சொன்னதாக எதிரணி இரண்டு முறை சொன்னது. ஜப்பானை நாம் எதற்கு உதாரணம் காட்டுவோம்? முதலீட்டுக்கா, ஓயாமல் உழைக்கிற ஜனங்களுக்கா?

கடைசியாக ஒன்றே ஒன்று. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புகை குறைந்த பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும், பட்டாசு மருந்தில் பேரியம் என்ற ரசாயனம் கூடாது, சரவெடி கூடாது என்று உத்தரவு போட்டது. அது சரியா தப்பா என்பது வேறு மேடை. அந்தத் தீபாவளி முடிந்ததும், இப்படி இருந்தால் தொழில் நடத்த முடியாது என்று ஆலைகளைப் பூட்டினார்கள், மறுவருஷம் மார்ச் வரைக்கும் பூட்டு. அந்த மாதங்களில் நான் ஊரில்தான் இருந்தேன். முதலுக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டடம் நின்ற இடத்தில் நின்றது, கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸ் மாட்டின இடத்தில் தொங்கியது. ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் மட்டும் ஊருக்குள் வரவில்லை. அவ்வளவுதான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடைக்காரர் பாதிப் பால் வாங்கினார், ஜவுளிக்கடை வாசலில் ஆள் இல்லை, சீட்டு பிடிக்கிற அக்கா வீடு வீடாக நடந்துவிட்டு வெறும் நோட்டோடு திரும்பினார், எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி கடன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார். சிவகாசி என்ற ஊர் ஓடிக்கொண்டிருந்தது எதில் என்று அந்த நாலு மாதத்தில் எங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் தொழிலைக் காப்பாற்றச் சொல்லி டெல்லிக்கும் கோர்ட்டுக்கும் போனவர்கள் என்ன சொல்லி வாதாடினார்கள் தெரியுமா? 'இத்தனை கோடி முதல் போட்டிருக்கிறோம்' என்பதை முன்னால் வைக்கவில்லை. 'லட்சக்கணக்கான தொழிலாளிகள் இதை நம்பி இருக்கிறார்கள்' என்பதைத்தான் முன்னால் வைத்தார்கள். நெருக்கடி வந்தபோது முதலாளிகளே எங்கள் அணியில் வந்து நின்று பேசியிருக்கிறார்கள் நடுவர் அவர்களே, அதற்கு மேல் நான் சாட்சிக்கு எங்கே போவது?

மணி அடித்துவிட்டார்கள். முன் வரிசையில் மூன்றாவதாக, பச்சைச் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறார் எங்கள் அத்தை. நான் பேசின நேரம் முழுக்க அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடியில் சும்மா இருக்கவில்லை, இப்போதும் அசைந்துகொண்டுதான் இருக்கின்றன, பாருங்கள். வணக்கம்.