கொழுந்தின் விலையும் மண்ணின் விலையும்

அவையோருக்கு வணக்கம்.

நீலகிரியில் "வெளியாள்" என்ற சொல்லை யார் எடுத்தாலும் அது முதலில் என் மேலேயே வந்து விழும். நான் படகர் சமூகத்தவன். படகர் என்னும் பெயருக்கே வடக்கிலிருந்து வந்தவர் என்று ஆய்வாளர் பலர் பொருள் சொல்கிறார்கள்; எங்கள் ஊர்களான ஹட்டிகளில் இதை ஏற்காதவர்களும் உண்டு, அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு இந்த மலைக்கு வந்து சேர்ந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தும், அவர்களை இன்னும் "சிலோன்காரர்" என்று அழைக்கிற வாய்களும் எங்கள் ஊரில் இருக்கின்றன. ஆகவே யார் முந்தி வந்தார் என்பது இன்றைய என் பேச்சன்று. எங்கள் தேயிலை நிலம் வெளியூரார் கைக்குப் போகும்போது அந்த மண்ணுக்கு விலை வைப்பவர் யார் என்பதைப் பற்றியே பேச வந்தேன்.

1820களில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன், இந்த மலையின் பழங்குடியான தொதவரின் எருமைகள் மேய்ந்த புல்வெளியை ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கி, உதகையில் கல் வீடு கட்டினார். அந்த ஒரு ரூபாய், எத்தனை எருமைக்கு எத்தனை நாள் புல் கிடைக்கும் என்று எண்ணிப் போட்டதன்று. வாங்கியவரின் கணக்கில் விளைந்த விலை அது. இன்று தொகை பல மடங்கு ஏறிவிட்டது, கணக்கு மட்டும் இன்னும் வாங்குகிறவருடையதாகவே இருக்கிறது.

என் தந்தை உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறியவர். சோவியத் நாடு எங்கள் தூளை வாங்கிக்கொண்டிருந்த வரையில் இலைப் பணத்திலேயே வீடு கட்ட முடிந்தது. 1991இல் அந்த நாடு கலைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பச்சை இலை விலையும் சரிந்தது. மழை நாளில் இலையை எடை போடும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாக்கைத் தராசில் ஏற்றுவார்கள், முள் நிற்பதற்கு முன்பே ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்துச் சீட்டெழுதிவிடுவார்கள், மிஞ்சுகிற எடைக்கு வரும் பணத்தில் பறிப்புக் கூலியும் உரமும் போக வீட்டுக்கு எதுவும் வராத மாதங்களே அதிகம். 2023இல் கோத்தகிரிப் பக்கத்தில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது இந்தக் கிலோ விலைக்காகத்தான்.

இப்படிப்பட்ட ஒரு மாதத்தில்தான் தரகர் போன் செய்கிறார். பள்ளத்தாக்கு தெரியும் சரிவாக இருந்தால், அவர் சென்ட்டுக்குச் சொல்லும் தொகையை அந்தச் சென்ட்டில் நிற்கும் செடி ஓர் ஆயுளில் கொடுக்காது. விற்ற என் சித்தப்பா மகனை யாரும் ஏமாற்றவில்லை, மிரட்டவுமில்லை. மகளின் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது, விற்றான், கோவைக்குக் குடிபோனான். பத்திரத்தில் கையெழுத்திட்டது எங்கள் கைதான் என்பதை மறைத்துவிட்டு, வந்தவனை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த விற்பனை ஓர் ஆளோடு நிற்பதில்லை. விற்ற நிலத்தில் பங்களா எழுந்தது. கொழுந்துச் சாக்கைச் சுமந்து போன ஒற்றையடிப் பாதையின் குறுக்கே இரும்புக் கேட் வந்தது. இப்போது பக்கத்துத் தோட்டத்துக்காரர் சுற்றிக்கொண்டு போகிறார். ஆண்டில் பல நாள் பூட்டியே கிடக்கும் அந்த பங்களாவின் விலையைக் காட்டியே அடுத்த நிலத்துக்கும் விலை சொல்லப்படுகிறது. ஊரிலேயே உழைத்துச் சம்பாதிக்கிற இளைஞன் தன் ஹட்டியின் எல்லையில் நான்கு சென்ட் வாங்க முடியாமல் நிற்கிறான்.

எங்கள் குலதெய்வம் ஹெத்தையம்மனின் திருவிழாவான ஹெத்தை ஹப்பத்துக்குச் சென்ற முறை, நிலத்தை விற்ற அந்தத் தம்பி குடும்பத்தோடு வந்தான். எங்கள் வீட்டில் படுக்க இடமில்லாததால், அவன் விற்ற நிலத்துக்கு எதிர்ச்சரிவில் புதிதாய் எழுந்திருக்கும் விடுதியில் இரண்டு இரவு அறை எடுத்தான். வரவேற்பில் இருந்த பையன், "முதல் தடவையா ஊட்டிக்கு வர்றீங்களா, சார்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, சீசன் கட்டணத்தைச் சொன்னானாம்.