இருபது மரம், நூறு உயிர்

வணக்கம் நேயர்களே. சிறுபோக நெற்செய்கைக்குக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கிளிநொச்சி முழுக்கக் கணக்குப் பார்க்கும் நேரத்தில், பாலைவனப் படமொன்றைப் பற்றிக் கதைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். படம் 'டியூன்'. டெனி வில்நெவ் எடுத்தது. முதற் பாகம் 2021இலும் இரண்டாம் பாகம் 2024இலும் வந்தன. மூலக்கதை, பிராங்க் ஹெர்பர்ட்டின் 1965ஆம் ஆண்டு நாவல்.

கதையை நீட்டவில்லை. அராக்கிஸ் என்றொரு மணற்கோள். விண்கப்பல் ஓடத் தேவையான சரக்கு ஒன்று அங்கே மட்டும்தான் கிடைக்கும். பேரரசன் யாரை அனுப்புகிறானோ அவன் வந்து அள்ளுவான். அந்த மண்ணின் ஃபிரெமென் மக்களிடம் யாரும் கேட்பதில்லை.

படத்தின் அரசியல் எனக்குச் சண்டைக் காட்சிகளில் பிடிபடவில்லை. மாளிகை முற்றத்தில் ஒருவர் பேரீச்சைகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். ஒரு மரம் ஒரு நாளைக்கு ஐந்து பேரின் தண்ணீரைக் குடிக்கும். இருபது மரம், நூறு உயிர் என்பார். அப்போ எடுத்துவிடலாமா என்று, பேரரசன் புதிதாக அனுப்பிய பிரபுவின் மகன் கேட்க, வேண்டாம், இவை புனிதமானவை, பழைய கனவு என்று பதறுவார். ஊர் சொட்டுச் சொட்டாக எண்ணிக் குடிக்கும் இடத்தில் இப்படி ஒரு பதில்! எங்கள் பனைக்கு யார் வாளி தூக்கினார்கள்?

இன்னொரு இடத்தில் ஃபிரெமென் தலைவர் ஒருவர் பிரபுவின் மேசையில் துப்புவார். உடம்பின் ஈரத்தையே தருகிறார், அது மரியாதை என்று பக்கத்தில் நிற்பவர் விளக்கவேண்டியிருக்கும். என் மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். 2009இல் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பவுசருக்குக் கானோடு வரிசையில் நின்ற என் அக்கா சிரிக்கவில்லை.

சரி, முகங்களுக்கு வருவோம். நாவலில் ஆணாக வரும் கைன்ஸ் என்ற சூழலியலாளரைப் படத்தில் ஷரன் டங்கன்-புரூஸ்டர் என்ற கறுப்பினப் பெண் நடித்திருக்கிறார். பேரரசின் அதிகாரி, மனத்தால் ஃபிரெமென். சுற்றி வளைத்த படையினரோடு சேர்த்துத் தன்னையும், மணலுக்கடியில் வாழும் பெரிய மணற்புழுவுக்குக் கொடுக்கிறார். நாவலில் அவருக்கு வேறு சாவு. படத்தின் சாவுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. ஜோர்தானின் வாடி ரமிலும் அபுதாபியிலும் மணலை எடுத்தார்கள். சொற்களை அரபியிலிருந்து எடுத்தார்கள். முக்கிய பாத்திரங்களில் மட்டும் அரபு முகத்தைக் காண்பது அரிது. இரண்டாம் பாகத்தில் ஷிஷாக்லி என்ற ஃபிரெமென் பெண்ணாக வரும், துனீசியத் தந்தைக்குப் பிறந்த சுஹேலா யாக்கூப் ஒரு விதிவிலக்கு. நாவலில் இருந்த 'ஜிஹாத்' என்ற சொல் படத்தில் 'புனிதப் போர்' ஆகிவிட்டது. மீட்பனைக் குறிக்கும் 'மஹ்தி' அப்படியே இருக்கிறது. மன்னாரிலுள்ள என் முஸ்லிம் நண்பர், "எங்கட சொல்லு இருக்கு, எங்கட ஆளைக் காணேல்லையே" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

அந்த மஹ்தி யார்? வெளியிலிருந்து வந்த பிரபுவின் மகன்தான். மீட்பன் வருவான் என்ற வாக்கைப் பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் சபை எப்போதோ விதைத்துவிட்டுப் போயிருந்தது. அறுவடை அவனுக்கு. தேர்தல் காலத்தில் எங்கள் சந்திகளில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவனை விரும்பியும் இந்த வாக்கை நம்பாதவள், செண்டாயா நடித்த சானி. நாவலில் அவள் அவனோடு இருந்துவிடுகிறாள். படத்திலோ எல்லாரும் மண்டியிட, அவள் மட்டும் நிமிர்ந்து நின்று, பிறகு பாலைக்குள் தனியே போகிறாள்.

இரண்டாம் பாகத்தைப் பார்த்த கிழமையில் சிறுபோகக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். முன்வரிசைக் கதிரைகளில் நாங்கள், ஆண்கள். காணி தங்கள் பெயரில் இருக்கும் பெண்கள் சிலர் பின்னுக்கு. அவர்களில் ஒரு அக்கா எழும்பி, கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். பிறகு பார்ப்போம், இருங்கோ என்றார்கள்.

அவர் இருக்கவில்லை. கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டேயிருந்தார்.